பிட்சர் தலையாட்டும்போது

கோடை வந்துவிட்டால் சனிக்கிழமைக் காலைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கூத்து நடக்கும். ஹொக்சூலே என்கிற உயர்கல்லூரியில் படிக்கிற என் மகன் நிரோஜன், வலது கையை மேசையில் விரித்துவைத்து, நாக்கை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, ஐந்து நகங்களுக்கும் பளிச்சென்ற மஞ்சளில் கியூட்டெக்ஸ் பூசுவான். இடது கை வெறுமனே இருக்கும். சுவிஸின் சோலோதுர்னுக்கு வந்த நாளிலிருந்து எதைக் கண்டாலும் முகத்தில் அதிர்ச்சியைக் காட்டக் கூடாது என்று பழகிக்கொண்டவன் நான். ஆனாலும் முதல்முறை கண்டபோது தேநீர்க் கோப்பையோடு கதவடியில் நின்றுவிட்டேன்.

“இதென்ன மனே, கையில?”

“நான் கேட்சரெல்லோ அப்பா. காலிடுக்கில விரலால சைகை காட்டுவன். தூரத்தில நிக்கிற பிட்சருக்கு விரல் தெரிய வேணும்.”

“தெரிஞ்சால்?”

“நான் கேக்கிற பந்து அவனுக்குச் சரியெண்டால் ஓமெண்டு தலையாட்டுவான். இல்லையெண்டால் இப்பிடி ஆட்டுவான்.” ஆட்டியும் காட்டினான். பிறகு நகத்தை ஊதத் தொடங்கிவிட்டான். நான் கோப்பையோடு வெளியே வந்துவிட்டேன்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் இங்கே கல்லூரி மாணவர்களுக்கென்று ஒரு பேஸ்போல் லீக் நடக்கிறது. பேஸ்போல் நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் அடித்தவன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறான். சுவிஸ் சனத்திலேயே பாதிப் பேருக்கு அது விளங்குவதில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். கேட்சர் என்பவன் நம் விக்கெட் காப்பாளர் மாதிரி. பந்தை எறிகிறவன் பிட்சர். கேட்சர் முகத்தில் கம்பி வைத்த மாஸ்க்கும் நெஞ்சில் கவசமுமாக, எறிகிற நேரமெல்லாம் குந்திக்கொண்டிருக்க வேண்டும். மாஸ்க் போட்டவன் கேட்பான், எதிரே நிற்பவன் தலையாட்டுவான். அதற்குப் பிறகுதான் பந்து வரும்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ‘தலையாட்டி’ என்றாலே ஒரு ஆளைத்தான் குறிக்கும். சுற்றிவளைப்பு நடக்கிற காலையில் ஆமிக்காரர் ஊர் ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோவார்கள். கைகளைப் பிடரியில் கோத்தபடி வெயிலில் வரிசையாகக் குந்த வேண்டும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து ஒரு ஜீப்பைக் கடந்து நடக்க வேண்டும். ஜீப்புக்குள் தலையில் சாக்கு மூடிய ஒருவன் இருப்பான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் சும்மா இருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழும் தலையாட்டினால் உங்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒருநாள் என் முறை வந்தபோது அந்தச் சாக்கு நீண்ட நேரம் அசையவில்லை. போ என்றார்கள், நடந்தேன். எனக்குப் பின்னால் வந்தவன் என்னோடு படித்த தவராசா. அவனுக்குத் தலை ஆடியது. அவன் திரும்பி வரவேயில்லை.

சாக்குக்குள் இருந்தவனுக்கு எங்கள் எல்லாரையும் தெரியும், எங்களுக்குத்தான் அவனைத் தெரியாது. அவனும் எங்களைப் போல வெளிநாட்டுக்குத்தான் வெளிக்கிட்டிருப்பான், வேறு எங்கே போயிருப்பான்? இங்கே கல்யாண மண்டபங்களில் என் வயதுத் தமிழர் ஒருவர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தால், பதிலுக்கு அசைக்க எனக்குக் கொஞ்சம் பிந்தும். அந்தாளுக்கு லெவல், தலைக்கனம் என்று பின்னால் கதைக்கிறார்களாம். கதைக்கட்டும்.

இதையெல்லாம் மகனுக்குச் சொன்னதில்லை. “பிள்ளையின்ர தலையில அதை ஏத்தாதேங்கோ, அவன் இஞ்ச பிறந்தவன்” என்று மனைவி கலா எப்போதோ சொல்லிவிட்டாள், எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் இந்தக் கோடையில் அவனுடைய ஆட்டத்துக்கு இரண்டு தரம் போய், இரண்டு தரமும் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். முதல்தரம் முதியோர் இல்லத்தில் அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்றேன். அங்கே பராமரிப்பு வேலையில் இருப்பவனுக்கு அந்தப் பொய் கைவசம் எப்போதும் இருக்கும். இரண்டாம் தரம் தலையிடி. கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் நிரோஜன் வந்து எனக்கு முன்னால் இருந்தான்.

“உங்களுக்கு வெக்கமாயிருக்கோ அப்பா? நகம் பூசுறதும் அதுவும்?”

“சீ, என்ன விசர்க்கதை கதைக்கிறாய்.”

“பிடிக்கேல்லையெண்டால் சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன். அடுத்த மாசம் கனடாவுக்குப் படிக்கப் போறன். அதுக்குப் பிறகு எப்ப நீங்கள் பாக்கிறது? நாளைக்கு மட்டும் கடைசிவரைக்கும் இருங்கோவன்.”

அவன் கண் கலங்கவில்லை. அப்படிக் கலங்கியிருந்தால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்ற முடிவோடுதான் அவன் விமானம் ஏறப்போகிறான் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. செத்தாலும் நாளைக்குப் பார்வையாளர் வாங்கை விட்டு எழும்புவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

ஆட்டம் எம்மன்புரூக்கேயில், தொழிற்சாலைக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில் நடந்தது. பார்க்க வந்தவர்களுக்கு வாங்குகள் கேட்சருக்குப் பின்னால், கம்பி வலைக்கு இந்தப் பக்கம். மகனின் முதுகுதான் எனக்குத் தெரியும். எதிரே மேட்டில் நிற்கிற லூக்காஸ் என்ற பிட்சரின் முகம் நேரே எனக்குத் தெரியும். அவன் தலையாட்டுவது என் மகனுக்கு, ஆனால் ஒவ்வொரு தரமும் அது எனக்குத்தான் வந்து சேர்ந்தது. நல்ல பெடியன், எங்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டவன். அவன் தலை ஆடும்போதெல்லாம் வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

பக்கத்தில் இருந்தவர் லூக்காஸின் தாய், பிரிகிட்டே. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: “ஆங்ஸ்ட் வேண்டாம், அவனிடம்தான் மாஸ்க் இருக்கிறதே.” ஆங்ஸ்ட் என்றால் பயம். மகனின் முகத்தில் பந்து பட்டுவிடும் என்று நான் பயப்படுவதாக அவர் நினைத்துக்கொண்டார். “யா, யா, மாஸ்க் இருக்கிறது” என்றேன். அவர் என் தோளில் தட்டித் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். என் பயம் எதுவென்று சொல்ல எனக்குத் தெரிந்த ஜெர்மனில் வார்த்தைகள் இருந்தன, ஆனால் அவற்றைச் சொல்கிற இடம் அதுவல்ல.

கடைசிக் கட்டம். இன்னும் ஒருவன் ஆட்டமிழந்தால் போதும், ஆட்டம் முடிந்துவிடும். நிரோஜன் விரல் காட்டினான், லூக்காஸ் வேண்டாமென்று ஆட்டினான். மறுபடி காட்டினான், மறுபடியும் வேண்டாம். நிரோஜன் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து காலை உதறினான். பிறகு வலையின் பக்கம் திரும்பினான். நான் இருக்கிறேனா, போய்விட்டேனா என்று பார்க்கத்தான் திரும்பியிருக்கிறான். வாங்குகள் வழியாக அந்த மாஸ்க் ஒவ்வொரு முகமாக நகர்ந்து வந்தது. என்னிடம் வந்ததும் நின்றது. கம்பிக்குப் பின்னால் இரண்டு கண்கள். தலை மேலும் கீழும் ஆடியது.

அது என் மகன் என்று எனக்குத் தெரியும். அவனைத் தொட்டிலில் ஆட்டியவன் நான். ஆனாலும் என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. எழுந்தேன், வரிசையை விட்டு இறங்கினேன், வலையோரப் புல்லில் போய்க் குந்தினேன். அழவில்லை, ஓடவுமில்லை. இவ்வளவு காலமும் எனக்கு வரவேண்டியிருந்தது இன்றைக்கு வந்துவிட்டது என்று ஒரு அமைதிகூட இருந்தது. கொண்டுபோகட்டும் என்று தலையைக் குனிந்திருந்தேன்.

பக்கத்தில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பார்த்தால் பிரிகிட்டே முழங்காலைப் பிடித்தபடி என் அருகில் குந்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சில பெற்றோர், சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கிவந்து குந்தினார்கள். கேட்சருக்கு ஆதரவு காட்டுகிற தமிழர் வழக்கம் என்று நினைத்திருக்கிறார்கள். வலைக்கு அந்தப் பக்கம் என் மகனும் குந்தினான். லூக்காஸ் தலையாட்டினான். பந்து மட்டையில் படாமல் வந்து நிரோஜனின் கையுறையில் விழுந்த சத்தத்தோடு ஆட்டம் முடிந்தது. வென்றுவிட்டோம் என்று பிரிகிட்டே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நிரோஜன் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான். அப்படியொரு சிரிப்பை அவன் முகத்தில் பார்த்துக் கனகாலம்.

“இருந்தீங்களப்பா. என்னோட சேர்ந்து குந்தினீங்கள். கால் நோகேல்லையோ? எங்கட பெடியளுக்கே விறைச்சுப்போகும்.”

“எனக்குப் பழக்கம் மனே.”

“எங்க பழகினீங்கள்?”

“பள்ளிக்கூட மைதானத்தில.”

“நீங்களும் விளையாடினீங்களோ? ஒருநாளும் சொல்லேல்ல.”

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவனுடைய சிரிப்பைப் பார்த்துவிட்டு, “அது பழைய கதை” என்றேன். அவன் கைபேசியைப் பிரிகிட்டேயிடம் கொடுத்து, “இன்னொருக்காக் குந்துங்கோ அப்பா, ஒரு படம் எடுப்பம்” என்றான். இரண்டு பேரும் புல்லில் பக்கத்தில் பக்கத்தில் குந்தினோம். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

இப்போது அவன் கனடாவில் இருக்கிறான். அந்தப் படத்தைத்தான் கைபேசியின் முகப்பில் வைத்திருக்கிறானாம். ‘உன் அப்பா சரியான கூலான ஆள், வெயில் காய்கிற மாதிரி எவ்வளவு ஆறுதலாக இருக்கிறார்’ என்று அங்கே சிநேகிதர்கள் சொல்கிறார்களாம். எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தான். எம்மன்புரூக்கே வெயிலில் என் முகம் நன்றாகத்தான் சிரிக்கிறது. கைகள் இரண்டும் பிடரியில் கோத்தபடி இருக்கின்றன.