கேப்டன் டர்னிப் ரயில் ஏறிய கதை

கிளீவ்லாந்து பேருந்துப் பணிமனையில், வண்டிக்கு அடியில் இறங்கிப் பழுதுபார்க்கிற குழிகளில், என் பக்கத்துக் குழியில் வேலை பார்த்தவன் எல்மர் ஹ்ரூஸ்கா. பேச்சு குறைவு. எஞ்சின் இருமுவதைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான் என்றெல்லாம் கதை கட்ட மாட்டேன். எங்களைப் போல அவனும் மூடியைத் திறந்து பார்த்துத்தான் சொல்வான். விவாகரத்துக்குப் பிறகு அவன் மனைவி லோயிஸ் மறுமணம் செய்துகொண்டு, மகள் நடீனையும் கூட்டிக்கொண்டு ஓரிகனுக்குப் போய்விட்டாள். நாட்டின் அந்தக் கோடி.

நடீன் இங்கிருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, செய்தித்தாளின் வண்ணப் பக்கத்தில் 'கேப்டன் டர்னிப்' படக்கதை படிப்பார்கள். ஓய்வு பெற்ற கப்பல்காரர், கிழங்கு மாதிரி மூக்கு. தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்புவார். தினமும் ஏதாவது ஒன்று குறுக்கே வர, வீட்டு வாசலிலேயே நின்றுவிடுவார். ஓரிகன் பத்திரிகையில் அந்தப் படக்கதை வருவதில்லை. அதனால் எல்மர் அதை வெட்டி வாராவாரம் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தான்.

அந்தக் குளிர்காலத்தில் பத்திரிகைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரில் செய்தித்தாளே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நடீன், "கேப்டன் வரலையேப்பா. அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இல்லடா, அடுத்த வாரம் வந்துருவாரு" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பத்திரிகை இல்லையென்றால் கேப்டனை அவனேதான் வரைய வேண்டும்; அவனுக்கு நேர்கோடுகூடப் போட வராது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேப்டன் படம் வந்த பழைய தாள் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, பழுதுபார்ப்புச் சீட்டுகளின் பின்புறம் கிறுக்க ஆரம்பித்தான். நாங்கள் சும்மா விடுவோமா?

"ஏம்பா எல்மர், இது யாரு, நம்ம மேனேஜரா?"

"மூக்கைப் பாரு, பேரிக்காய்க்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு."

அவன் நிமிரவே இல்லை. பேருந்துகளில் எண்ணும் ஊர்ப்பெயரும் எழுதுகிற ஹேசல் பிரூவர்தான் ரொட்டியைக் கடித்தபடி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மூக்குலேருந்து ஏன் ஆரம்பிக்கற? முதல்ல ஆளு எப்படி நிக்கிறான்னு பாரு" என்றாள். "முன்பக்கமா லேசா சாஞ்சிருக்கான் பாரு. கெளம்பப் போறவன் நிக்கிற மாதிரி. அந்தச் சாய்வு வந்துட்டா மூக்கு எப்படி இருந்தாலும் அவன்தான்."

சாய்வைப் பிடிக்கத்தான் அவன் திண்டாடினான். கொஞ்சம் கூடினால் கேப்டன் விழப்போகிறார். குறைந்தால் பேருந்துக்குக் காத்திருப்பவர் ஆகிவிடுகிறார். ஒரு நாள் ஹேசல் அவன் கையைப் பிடித்து, கழுத்திலிருந்து குதிகால்வரை ஒரே இழுப்பாக இழுக்க வைத்தாள். பிறகு அவனே இழுத்தான். கோட்டுக்கு மேல் தொப்பியை வைத்ததும் கேப்டன் நின்றார். நாங்கள் யாரும் கிண்டல் செய்யவில்லை.

படம் வந்துவிட்டது, கதைக்கு எங்கே போவது? அவனுக்குத் தெரிந்த ஒரே ஆசையைக் கேப்டனுக்குக் கொடுத்தான். கேப்டன் துறைமுகத்தை விட்டுவிட்டு ஓரிகனுக்கு ரயில் ஏறினார். ஒரு வாரம் தண்டவாளத்தில் மாடு படுத்துவிட்டது. இன்னொரு வாரம் பனியில் ரயில் புதைந்தது. அடுத்த வாரம் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் இருந்த ரயில்பெட்டியைக் கழற்றி வேறு ரயிலில் மாட்டிவிட்டார்கள்.

"பாவம்ப்பா அந்த மனுஷன்" என்றாள் ஹேசல். "ஊர் போய்ச் சேர விடேன்."

"சேர்ந்துட்டா அப்புறம் நான் எதை அனுப்பறது?"

அவள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

வசந்தத்தில் வேலைநிறுத்தம் முடிந்து பத்திரிகை வந்தது. எல்மர் நிம்மதியாக அசல் படத்தை வெட்டி அனுப்பினான். அந்த ஞாயிற்றுக்கிழமை நடீன் கோபமாகப் பேசினாளாம்.

"இது யாருப்பா? வாசல்லயே நிக்கிறாரு. நம்ம கேப்டன் ரயில்லதானே இருக்காரு. அவரு வருவாரா, மாட்டாரா? சும்மாதான் சொல்றீங்களா?"

மறுநாள் காலையில் இதை என்னிடம் சொல்லும்போது அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்க மறந்து நின்றான். கோடைக்குள் ஓரிகனில், நடீன் இருக்கிற போர்ட்லேண்டில், ஒரு பணிமனையில் இடம் தேடிக்கொண்டான். சீனியாரிட்டி போயிற்று, கடைநிலை ஆளாக, இரவு ஷிஃப்டில்.

"கிறுக்கா உனக்கு? இத்தனை வருஷத்தைத் தூக்கி எறியறியே" என்றேன்.

"இங்க இருந்து என்ன பண்ணப் போறேன்?" என்றான்.

அவன் கிளம்பிய அன்று ஹேசல் வேலைக்கு வரவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். சனிக்கிழமைகளில் நடீன் அவனோடு இருக்கலாம் என்று லோயிஸ் ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனால் பிள்ளை வளர்ந்துவிட்டாள். தோழிகள், குதிரைகள், நீச்சல். பாதிச் சனிக்கிழமைகளில் வருவதே இல்லை. வந்தாலும் முதல் ஒரு மணி நேரம் விருந்தாளி மாதிரி மரியாதையாகப் பேசுகிறாள்.

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு. ஆனா வரலன்னா அவளே போன் பண்ணி சொல்றா" என்றான். பிறகு, "ஹேசல் எப்படி இருக்கா?" என்று கேட்டான்.

அவன் விசாரித்ததை ஹேசலிடம் சொன்னேன். ஏணிமேல் நின்று எண் எழுதிக்கொண்டிருந்தவள் தூரிகையை எடுக்காமலே, "இப்பவும் வரையறானாமா?" என்றாள்.

"இல்லையாம். நேரம் இல்லையாம்."

"அதுவும் சரிதான். கேப்டன்தான் ஊர் போய்ச் சேர்ந்துட்டாரே" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்கு ஏணியை நகர்த்தச் சொன்னாள். நான் நகர்த்திக் கொடுத்தேன்.