எங்கள் வீட்டு முதுகுப் படம்

இந்தத் தீபத்தன்று என் தம்பி மனைவி ஒரு கேள்வி கேட்டாள். சென்னைப் பெண். போன வருஷம் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டதால், எங்கள் வீட்டில் அவளுக்கு இதுதான் முதல் தீபம். அவள் குழந்தைக்கும்தான்.

"ஏன் மாமா, எல்லா போட்டோவிலயும் பசங்க முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறாங்க?"

ஹாலில் மாட்டியிருக்கும் தீபப் படங்களைச் சொன்னாள். வருஷத்துக்கு ஒன்று. எதிலும் முகம் கிடையாது. பின்னந்தலைகள், ஜடைகள், தூரத்தில் மலையுச்சியில் பொட்டு வெளிச்சம்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அது வந்தும்மா... தீபத்தன்னிக்கு மலைக்கு முதுகு காட்டக் கூடாது. ஐதீகம்."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "உங்க மாமாவுக்குப் போட்டோ எடுக்கத் தெரியாதும்மா. அதான் ஐதீகம்."

குட்டு உடைந்தது.

முதல் வருஷம், புது போன் வாங்கிய திமிரில் பிள்ளைகளை மொட்டைமாடியில் நிறுத்தினேன். பின்னால் மலை. "இங்க பாத்து சிரிங்க" என்றேன். நான் போனைத் தட்டவும் உச்சியில் தீபம் தெரியவும் சரியாக இருந்தது. ஊரே 'அரோகரா' என்றது. பிள்ளைகள் மொத்தமாகத் திரும்பிவிட்டார்கள். திருவண்ணாமலையில், தீபம் ஏற்றும் நேரத்தில், மலையை விட்டுவிட்டு என் மூஞ்சியைப் பார் என்றால் எவர் பார்ப்பார்? என் மனைவி பார்க்க மாட்டாள்... அவள் மற்ற நாட்களிலும் அப்படித்தான்.

படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் ஐதீகம் என்று அளந்துவிட்டேன். அடுத்த வருஷம் பிள்ளைகள் தாங்களாகவே திரும்பி நின்றார்கள். வழக்கமாகிவிட்டது.

ஆனால் தம்பி மனைவிக்கு முகம் வேண்டும். பேரனின் முதல் தீபப் படத்துக்காக அவள் அம்மா சென்னையில் காத்திருக்கிறார். பின்னந்தலையை அனுப்பினால், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க மாட்டாரா? இந்த ஒரு வருஷம் மட்டும் கேமராவைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் கெஞ்சினாள்.

என் மகள் அசரவில்லை. "அப்பா வுட்ட கதைன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும் சித்தி. அதுக்காக, மலையைப் பாக்காம இவரைப் பாத்துக்கினு நிக்க முடியுமா?"

மாலை. மொட்டைமாடி. குழந்தை என் மகள் இடுப்பில் — அவனும் மலையைப் பார்த்தபடி. தம்பி மனைவி என் பக்கத்தில், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

உச்சியில் தீபம். ஊர் போட்ட சத்தத்தில் குழந்தை மட்டும் மிரண்டு, அம்மாவைத் தேடித் திரும்பியது. தட்டினேன்.

பின்னந்தலைகளுக்கு நடுவே ஒரே ஒரு முகம். உதட்டைப் பிதுக்கி, அழ ரெடியாக. நான் பார்த்து முடிப்பதற்குள் படம் சென்னைக்குப் போய்விட்டது.

ஆக, எங்கள் வீட்டில் தொன்றுதொட்டு ஒரு வழக்கம் உண்டு: தீபப் படத்தில் கடைக்குட்டி மட்டும் கேமராவைப் பார்க்க வேண்டும். ஐதீகம்தான் இன்னும் தயாராகவில்லை.