வண்டிக்காரம்மாவின் நடை

மகன் வண்டிக்காரம்மாவைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினானாம். மாடி வீட்டுக்காரி சொல்லிக்கொண்டு திரிகிறாள். மேலேயிருந்து பார்த்தாளாம். பார்த்தாள் சரி, எதைப் பார்த்தாள்? கிழவிக்குப் புத்தி கெட்டுப்போய்த் தெருவில் இடுப்பை ஆட்டிக்கொண்டு போகிறாள் என்கிறாரே மருந்துக்கடைக்காரர், அவர் அந்த நடையில் நாலு அடி வைத்துக் காட்டட்டும்.

ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் துணி வண்டி தள்ளியவள் அவள். அங்கே நடைக்கூடத்தில் யாரும் ஓடக் கூடாது. ஆனால் ஆபரேஷன் அறைக்குத் துணி ஒரு நிமிஷம் பிந்தினாலும் தலைமை நர்ஸ் பிய்த்து எடுத்துவிடுவாள். அதனால் முட்டியை மடக்காமல், குதிகாலை முதலில் ஊன்றி, ஒரு கால் தரையில் இருக்கும்போதே மறுகாலை வீசிவைத்துப் போக அவளாகவே பழகிக்கொண்டாள். அதற்கு வேகநடை என்று பேர், போட்டியெல்லாம் உண்டு என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். எழுபது தாண்டியவர்களுக்கான போட்டியில் போன வருஷம் இரண்டாவதாக வந்தாள். முதலில் போனவளின் முதுகு இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

போன மாதம் தெருமுனையில் மயங்கி விழுந்தாள். இதயத் துடிப்பு தடுமாறுகிறது என்றார் டாக்டர். நடக்கலாம், மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்று சொல்லி, கழுத்தில் விரல் வைத்துத் துடிப்பு பார்க்க மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். மாத்திரை போட்டால் காலில் கல்லைக் கட்டியது போல் இருந்தது அவளுக்கு. நாலு நாள் பொறுத்தாள்.

இந்த வருஷப் போட்டியன்று காலை, ஒளித்துவைக்கலாம் என்று மகன் அவள் ஷூக்களைத் தூக்கினான். பழைய ஜோடிக்குள்ளிருந்து மாத்திரைகள் பொலபொலவென்று கொட்டின.

"என்னம்மா இது?"

"அதை முழுங்கினா கால் நகரலடா. அவ முன்னாடி போயிடுவா."

"எவ?"

"போன வருஷம் முதல்ல வந்தவ."

"எழுபத்திரண்டு வயசுல உனக்கு ஒரு எதிரி!" சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. "அன்னைக்கு உன்னைத் தூக்கிட்டு ஓடினது நான்ம்மா. இன்னொரு தடவை என்னால முடியாது."

ஷூவை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியை அடைத்தாற்போல் உட்கார்ந்தான்.

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் ஷூவை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் அடங்கியது. குனிந்து ஒரு மாத்திரையைப் பொறுக்கி, அவன் எதிரிலேயே தண்ணீரோடு விழுங்கினாள். வார்டில் நோயாளிகள் நர்ஸிடம் காட்டுவார்களே, அப்படி நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"போதுமா? இன்னைக்கு நான்தான் கடைசி. இப்ப ஷூவைக் குடு."

கொடுத்தான். அவள் போட்டு முடித்ததும் எழுந்து வழிவிட்டு, அவள் கழுத்தில் இரண்டு விரல் வைத்தான். மாடி வீட்டுக்காரி பார்த்தது இதைத்தான்.

"எப்படி இருக்கு?"

"தடுமாறுதும்மா."

"கொஞ்சமாவா?"

அவன் விரலை எடுக்கவில்லை. அவளே மெல்ல அந்தக் கையை விலக்கினாள். ஒரு கால் வீட்டுத் தரையில் ஊன்றி இருக்கும்போதே, மறுகால் வாசலைத் தாண்டியது.