விறைத்த உதடும் கைக்கண்ணாடியும்

பல்லுப் பிடுங்கிய அன்று, விறைத்துப்போன உதடு இனித் திரும்பாது என்று முடிவுகட்டி, துறைமுகத்தடி கிளினிக் வாங்கில் உட்கார்ந்தபடியே மரண சாசனத்தின் முதல் வரியை யோசித்தவன் நான்.

அங்கே இலக்கத் துண்டு கொடுக்கும் மெலிந்த கிண்ணியா ஊர்க்காரர், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கைக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். பயந்த முகத்தைக் கண்டால் அப்படித்தான் நீட்டுவாராம்.

"பாருங்க சேர், வாய் கோணல்லையே."

"வீங்கின மாதிரிக் கிடக்குதே?"

"அது ஊசிட வேலை. ரெண்டு மூணு மணித்தியாலத்தில உணர்ச்சி வந்திரும். பயப்படுறதில வெக்கமில்ல."

அவர் சிரிக்கவில்லை. உதடு குறுகுறுக்கத் தொடங்கும்வரை, துண்டு கொடுக்கும் இடைவெளிகளில் வந்து விசாரித்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நெஞ்சுரமான மனிதர் என்று பிறகொரு நாள் என் பல்லைப் பிடுங்கிய டொக்டரிடம் அவரைப் புகழ்ந்தேன்.

"அவரோ? தன்ர சொத்தைப் பல்லுக்கு ஊசி போடப் பயந்து, மூண்டு வருஷமா எனக்கு வாயே திறந்து காட்டயில்லை" என்றார் டொக்டர்.