பாம்பன் பாலத்துக் கொம்பையா

கொம்பையா என்னிடம் குடித்தனம் கேட்டு வந்த அன்று, தண்ணீர் வருமா, கரண்ட் நிற்குமா என்று எதையும் கேட்கவில்லை. என் வாசல் கேட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “துரு உள்ள எறங்கிட்டு அண்ணாச்சி. இப்படியே விட்டா தின்னுரும்” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“வூடு பாக்க வந்தியா, கேட்டு பாக்க வந்தியாபா?” என்றேன்.

பின்னால் நின்ற அவர் மனைவி மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பக்கத்தில் அவளுடைய தம்பி இசக்கிபாண்டி, தலையில் ஒரு மூட்டையும் கையில் ஒரு பக்கெட்டுமாக நின்றான். தாய் போன பிள்ளை. கைக்குழந்தையிலிருந்து அக்காவும் அத்தானும்தான் வளர்த்தார்கள். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

அது 2007. ஒரகடத்தில் எங்கள் நிலம் பெரும்பாலும் கம்பெனிகளுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த துண்டில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தேன். குடிவந்த வாரமே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கொம்பையாவும் இசக்கியும் என் கேட்டைச் சுரண்டி, செங்காவி பிரைமர் அடித்து, மேலே வெள்ளிப் பெயின்ட் பூசிவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் கேட்டு பளபள என்று நிற்கிறது.

“இன்னாபா இது, என் வூட்ட ரயில் பாலமாக்கிட்ட?” என்று கத்தினேன்.

“அந்தப் பெயின்ட்டேதான் அண்ணாச்சி” என்றார் கொம்பையா, சந்தோஷமாக.

அன்று வாயைத் திறந்தவர்தான். பாம்பன் பாலத்தைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லியே, அதுவரை கடலைக் கூட ஒழுங்காகப் பார்த்திராத எனக்கு அதன் கதை முழுக்க மனப்பாடமாகிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் கடலுக்குக் குறுக்கே பாலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து கல் சுமக்கப் போனாராம். 1914இல் ரயில் விட்டார்கள். சிலோனுக்குப் போகிறவர்கள் ரயிலிலேயே தனுஷ்கோடி வரைக்கும் போய் அங்கே கப்பல் ஏறுவார்கள். பாலத்தின் நடுவில் ஒரு பகுதி, கப்பல் வந்தால் இரண்டு கைகளைத் தூக்குகிற மாதிரி மேலே எழும்பும். அதை எழுப்புவது மோட்டார் இல்லை. ஆட்கள் சுற்றி நின்று கையால் தள்ள வேண்டும்.

1964 டிசம்பர் புயலில் கொம்பையா இடுப்புப் பிள்ளை. தனுஷ்கோடி ஊரே போயிற்று. ஒரு ரயிலும் அதில் இருந்த ஜனங்களும் அலையோடு போனார்கள். பாலத்தின் இரும்பு உத்தரங்கள் பெரும்பாலும் கடலுக்குள் விழுந்துவிட்டன. தூக்குகிற அந்த நடுப்பகுதி மட்டும் அசையாமல் நின்றது. விழுந்ததையெல்லாம் கடலிலிருந்து இழுத்து மாட்டி, இரண்டு மாதத்துக்குள் மறுபடி ரயில் விட்டார்கள். அந்த இழுவைக் கும்பலில் அவர் அப்பாவும் ஒருவர். இதைச் சொல்லும்போது மட்டும் கொம்பையாவின் குரல் இறங்கிவிடும். செத்தவர்களில் அவர் அப்பாவின் சேக்காளிகளும் இருந்தார்கள்.

கொம்பையாவுக்கு அந்தப் பாலத்தில் ஒப்பந்தக்காரர் கீழே பெயின்ட் வேலை. உப்புக்காற்று விடாது. இந்தக் கோடியிலிருந்து சுரண்டிப் பூசிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள், இங்கே திரும்பத் துரு பூத்திருக்கும். மீசை முளைக்கும் வயதில் இசக்கியும் அந்த வேலைக்கு வந்துவிட்டான்.

கடல் காற்றில் ஒருத்தர் கத்துவது இன்னொருத்தருக்குக் கேட்காது. அதனால் அவர்கள் கும்பலில் ஒரு வழக்கம். ரயில் வருவதைப் பார்த்தவர் சுத்தியலால் இரும்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். சத்தம் காற்றில் போகாமல் இரும்புக்குள்ளேயே ஓடும். தட்டு கேட்டால் யாரும் ஓடக்கூடாது, திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது. கைக்கு எது கிடைக்கிறதோ அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்துக்கு வெளியே, நின்ற இடத்திலேயே ஒட்டி நிற்க வேண்டும். பிடித்தவன் பிழைத்தான், ஓடினவன் கடலுக்குள் போனான் என்பதுதான் அவர்கள் கணக்கு.

2006இல் அகலப்பாதையாக்க ரயிலை நிறுத்தினார்கள். வேலை வேறு ஒப்பந்தக்காரரிடம் போயிற்று, அவர் தன் ஆட்களோடு வந்துவிட்டார். ஒரகடத்தில் இரும்பு ஷெட்டுகள் வரிசையாக எழும்புவதாக யாரோ சொல்ல, இவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கூரைக்குக் கீழே பெயின்ட் வேலை. ஷெட்டின் உச்சியில், சுவரை ஒட்டிய உத்தரத்தின் மேல் பெரிய கிரேன் ஓடும் தண்டவாளம். லீவு நாள், கிரேன் ஓடாது என்று சொல்லித்தான் ஏற்றியிருக்கிறார்கள். இசக்கி அந்தத் தண்டவாளத்திலேயே நின்று பூசிக்கொண்டிருந்தான். எட்டிக் கால் வைத்தால் சாரம். கொம்பையா உத்தரத்தின் மறு கோடியில் இருந்தார். கீழே ஏதோ அச்சை நகர்த்த வேண்டும் என்று எவனோ ஒருவன் கிரேனை ஓட்டிவிட்டான்.

கொம்பையா பார்த்தார். கையில் சுத்தியல். இரண்டு தட்டுத் தட்டினார்.

இசக்கிக்குக் கேட்டது. கேட்டதும் தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான், பாவி. பாலத்தில் ரயில் பக்கத்தில் போகும். இங்கே கிரேன் வருவதே அவன் நின்ற தண்டவாளத்தில். எட்டிக் குதித்திருந்தால் ஒரு கீறல் பட்டிருக்காது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓடினேன். கொம்பையா வராந்தாவில் சுவரோடு சுவராகக் குந்தியிருந்தார். அன்றோடு பெயின்ட்டைத் தொடவில்லை. சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹாஸ்டலில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். இசக்கி எழுவதற்கு முன்னால் கிளம்புவார், அவன் கதவைச் சாத்தின பிறகு வருவார். செயற்கைக் கால் போட்டுக்கொண்டு இசக்கி என் முன்னறையில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தான். ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்துக் கதவு, ஒரே அடுப்புச் சோறு. பேச்சு மட்டும் இல்லை. பாலத்தைப் பற்றிய பேச்சும் நின்றுபோயிற்று. அது நின்றால் போதும் என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன். நின்ற பிறகுதான் அது இல்லாத குறை தெரிந்தது.

“உனுக்கு உங்க அத்தான் மேல கோவமாடா?” என்று இசக்கியிடமே கேட்டுவிட்டேன்.

“கோவம் இருக்கு அண்ணாச்சி. காலுக்காக இல்ல” என்றான். “அவரு எம் மூஞ்சியப் பாத்து அஞ்சு வருசமாவுது. என்னைய வளத்த மனுசன். காலு போனதத் தாங்கிட்டேன், இதைத் தாங்க முடியல.”

அன்று சாயங்காலமே கொம்பையாவைத் தெருவில் மடக்கினேன். “யோவ், அந்தப் புள்ள இன்னா பாவம் பண்ணிச்சு? ஒரு தபா அவன் மூஞ்சியப் பாத்தா இன்னா கொறஞ்சு பூடுவ?”

அவர் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். “‘குதிலே’ன்னு ஒரு வார்த்த கத்தியிருக்கலாம் அண்ணாச்சி. எனக்கு வாய் இருந்துச்சுல்லா? கை முந்திட்டு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவன் மூஞ்சியப் பாப்பேன்?”

மாடத்தி ஒரு நாள் என் மனைவி லீலாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள்: “இப்படியே பேசாமலே ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிச் சேந்துருவாங்களோன்னு பயமா இருக்குக்கா.” லீலா என்னிடம் சொன்னாள்.

அந்த வருடம் என் அப்பா தவறிவிட்டார். 2014 ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் தர்ப்பணம் செய்ய வேண்டும். எனக்கு ஊர் தெரியாது, மூன்று பேரும் கூட வரணும் என்றேன். கொம்பையா முடியாது என்றார்.

“வர்லன்னா ரூமக் காலி பண்ணு” என்றேன். வாயில் வந்துவிட்டது. ஆனால் வேலை செய்தது.

செங்கல்பட்டில் ரயில் ஏறினோம். விடிந்தபோது மண்டபத்தில் வண்டி நின்றுவிட்டது. ஆடிக் காற்று. காற்று அடங்காமல் பாலத்தில் ஏற விடமாட்டார்கள் என்றான் இசக்கி. இந்த வருடத்தோடு பாலத்துக்கு நூறு வயது என்றும் அவனே சொன்னான். எனக்கு எதிரே கொம்பையா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மாடத்தி. என் பக்கத்தில் இசக்கி. அவன் காலும் கொம்பையாவின் காலும் இடித்துக்கொள்ளும் தூரம்தான்.

வெகுநேரம் கழித்து வண்டி நகர்ந்தது. நிலம் முடிந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். கைப்பிடிச் சுவர் என்று ஒன்று கிடையாது. நடக்கிற வேகத்தில் வண்டி ஊர்ந்தது. ஐயோ, இதிலா தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பெட்டியில் யாரோ முருகா முருகா என்றார்கள். கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார்.

இசக்கி பையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்தான். அத்தானையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஜன்னல் கம்பியில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினான்.

கொம்பையாவின் இரண்டு கைகளும் பாய்ந்தன. கண் திறக்கவில்லை, யோசிக்கவில்லை. முன்னால் கிடைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்துபோனார். அவர் பிடித்தது இசக்கியின் செயற்கைக் காலை.

“பாத்தீங்களா அத்தான்” என்றான் இசக்கி. அவன் குரல் உடைந்துவிட்டது. “ஒங்க கையும் ஒங்களக் கேக்காமத்தான் புடிக்குது. அன்னைக்கு என் கையும் அப்படித்தான் புடிச்சிது. தட்டுன கையும் அப்படித்தான் தட்டுச்சு. இதுல நீங்க எங்க இருக்கீங்க, நான் எங்க இருக்கேன்?”

கொம்பையா கண்ணைத் திறந்தார். பிடித்திருந்ததைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, இசக்கியின் முகத்தைப் பார்த்தார்.

“வலிக்கா மாப்ளே?” என்றார்.

“அது கட்டை அத்தான்” என்று சொல்லிவிட்டு இசக்கி குழந்தை மாதிரி அழுதான். மாடத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அழுதேன், எனக்கு என்ன வெட்கம்.

தீவு வரும்வரை கொம்பையா அந்தப் பிடியை விடவில்லை.