மூன்று எண்ணெயும் நாலு வடையும்

எண்பதுகளில் ஒரு நாள் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "கொலஸ்ட்ரால் கூடியிருக்கு. எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைங்க. மூணு மாசத்துல இறங்கலன்னா மாத்திரைதான்" என்றார். மாத்திரை என்றாலே எனக்குப் பயம். என் மனைவியோ அதைத் தன் சமையல்மேல் வந்த புகாராக எடுத்துக்கொண்டாள்.

அப்போது செம்பனை எண்ணெய் என்கிற பாமாயிலைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு. நெஞ்சுக்கு ஆகாது என்பார் ஒருவர். அதெல்லாம் கட்டுக்கதை என்பார் இன்னொருவர். பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் மாடிக்கு ஒரு கட்சி இருந்தது. மனைவி எல்லாரையும் விசாரித்துவிட்டு, இருந்த செம்பனை எண்ணெயைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, சோள எண்ணெய்க்கு மாறினாள். பிறகு சூரியகாந்தி. கரண்டி போய்த் தேக்கரண்டி வந்தது. அப்பளத்தை அடுப்பு நெருப்பிலேயே சுட்டாள். நான் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. எனக்குத் தீவுக்கு எதிர்க்கரையில், புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. மாலையில் கம்பெனி பஸ் பட்டர்வொர்த் ஃபெர்ரித் துறையில் இறக்கிவிடும். அங்கே ஓர் அக்கா வடை சுட்டு விற்பார். வேலைக்குச் சேர்ந்த வாரம் அவரிடம் நாலு மசால்வடை கேட்டேன். அதன்பின் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. என் தலை தெரிந்ததும் நாலு வடையையும் இரண்டு பச்சை மிளகாயையும் பேப்பரில் மடித்து நீட்டிவிடுவார். மடித்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழாது. அவர் வாணலியில் எண்ணெய், பால் சேர்க்காத கோப்பி ஓ நிறத்தில் கொதிக்கும். ஃபெர்ரி தீவைத் தொடுவதற்குள் வடை தீர்ந்துவிடும்.

ஒருமுறை பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்து நடந்து பார்த்தேன். "அண்ணே, அண்ணே" என்று பொட்டலத்தோடு ஓடி வந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் கடைசியாக ஒரு மாதம் தவணை கொடுத்தார். அன்று மனைவி சூரியகாந்தி போத்தலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மருந்துக் கடையில சின்னப் போத்தல்ல ஆலிவ் எண்ணெய் விக்கிறாங்க. பிள்ளைங்களுக்குத் தடவுறது. அதுல தாளிச்சுப் பாப்போமா?" அவள் குரல் உடைந்திருந்தது.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "வடை" என்றேன்.

"என்ன வடை?"

"ஃபெர்ரிகிட்ட. நாலு."

"வாரத்துக்கா?"

"தினமும்."

போத்தலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "நான் இங்க சொட்டுச் சொட்டா அளந்துகிட்டிருக்கேன். வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே லா?"

"மடிச்சிடுறாங்க."

"அப்ப நான் வந்து சொல்றேன்."

அது இன்னும் பெரிய பயம். மறுநாள் பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்து, இறங்கியதும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "அக்கா, எனக்குக் கொலஸ்ட்ரால். வடை வேணாம்."

அவர் பொட்டலத்தை எனக்கு அடுத்து நின்றவரிடம் கொடுத்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னண்ணே? எனக்கும் அதான். சுடுறதோட சரி, வாயில வைக்கிறதில்ல." அடுப்போரப் பாத்திரத்திலிருந்து அவித்த கொண்டைக்கடலையை அள்ளி மடித்து நீட்டினார். "இது எனக்குன்னு அவிச்சது. சாப்புடுங்க."

அடுத்த பரிசோதனையில் கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. மனைவி செம்பனை எண்ணெய்க்கே திரும்பினாள், தேக்கரண்டியை மட்டும் விடவில்லை. துறையில் என் தலை தெரிந்ததும் கடலைப் பொட்டலம் தயாராக இருந்தது. எனக்குக் கொண்டைக்கடலை பிடிக்காது. வேலை மாறும்வரை அதை அவரிடம் சொல்லவில்லை.