சிவப்பு மருந்தும் கல்லுப்பும்

மார்பகப் புற்றுநோய்க்கு அம்மா இப்போது தினமும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை போட்டுக்கொள்கிறார். அதில் என்ன சுவாரசியம்? முதலில் ஏற்றினார்களே சிவப்பு மருந்து, ரோஸ் சர்பத் நிறத்தில், அதுவல்லவா மருந்து!

அப்போது எனக்கு ஆறு வயது. அவிநாசிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் அப்பா டையிங் மாஸ்டர். நிறத்தைப் பற்றி எங்கள் வீட்டுக்குத் தெரியாததை எந்த டாக்டர் சொல்லிவிடப் போகிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

முதல் ஊசியின்போது என்னை நாலு நாள் காங்கேயத்தில் மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். இரண்டாவது ஊசி போட்டு வந்த அன்று வீட்டில் இருந்தேன். அம்மா கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். பின்னாலேயே போய்ப் பார்த்து அலறினேன்.

"ரத்தமில்ல கண்ணு. ஏத்துன மருந்துதான் அப்படி வெளிய வருது. நர்ஸம்மா முன்னயே சொல்லியுட்டாங்க" என்றார் அப்பா.

அவருக்கு அது ஆறுதல்; எனக்கு அதுதான் பயம். அலசும்போது சாயம் போனால் அந்தத் துணி தேறாது, திரும்பி வந்துவிடும். அம்மாவுக்குள் மருந்து பிடிக்கவே இல்லையே! முழுக்கப் போய்விட்டால் அம்மா எப்படிப் பிழைப்பார்?

சாயம் பிடிக்கப் பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்புப் போடுவார்கள். ஓடிப்போய், அம்மாவுக்கு வைத்திருந்த மோரில் கல்லுப்பை அள்ளிப் போட்டேன். போதாதென்று இன்னும் கொஞ்சம்.

முதல் வாயிலேயே அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஏஞ்சாமி, உப்பு மூட்டையவே கொட்டியுட்டயா?"

"மருந்து புடிக்கோணுமல்லங்கம்மா! இல்லீன்னா பூராம் போயிருமில்ல!"

அப்பா டம்ளரைப் பிடுங்கப் போனார். "குடு, கீழ ஊத்தீர்றேன்."

"இருங்க. உங்களவிடப் பெரிய மாஸ்டரு போட்டுக் குடுத்திருக்குது."

விட்டு விட்டு, கடைசிச் சொட்டு வரை அம்மா குடித்தார். கண்ணில் நீர் வழிந்தது.

மறுநாளே நிறம் தெளிந்துவிட்டது. "பாத்தீங்களா!" என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்தார். மகளிடம் தோற்ற பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஊசிக்கும் நான்தான் மோர் கலக்குவேன் என்று அறிவித்தேன். "செரிங்க மாஸ்டர்" என்றார் அம்மா.

முதல் ஊசியில் வந்த வாய்ப்புண் அப்போது அவருக்கு ஆறியிருக்கவில்லை. வெறும் தண்ணீரைக்கூட முகம் சுளித்துத்தான் விழுங்கினார். அதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புண்ணையும் உப்பையும் சேர்த்து நினைக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.